படர்க்கையும் முன்னிலையும்: கிறித்தவத் தமிழ்ப் பாடல்களில் அன்றாட இறையுணர்வு

கிறித்தவத் தமிழ் இலக்கியத்தைப் பற்றிச் சங்க மலர்களில் வெளிவரும் கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் ஒரே தலைப்புத்தான்: 'கிறித்தவர்களின் தமிழ்த்தொண்டு'. வீரமாமுனிவர் சதுரகராதி தொகுத்தார். கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். போப் 1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்தார் என்று பட்டியல் நீளும். பட்டியலில் உள்ளவை யாவும் உண்மை, நன்றியோடு நினைக்கத்தக்கவை. எனினும் இவ்வகை மதிப்பீடு ஒரு கவிஞனை அவன் பாடிய காரணத்திலிருந்து பிரித்து நிறுத்திவிடுகிறது. மொழிக்குத் தொண்டு செய்யவேண்டும் என்னும் எண்ணம் மட்டுமே ஒருவனை ஆயிரக்கணக்கான செய்யுள் பாட வைத்துவிடாது. தன்னோடு ஒருவர் இருக்கிறார் என்னும் உணர்வே அவனைப் பாட வைத்தது. அவ்வுணர்வை அவனுடைய தமிழ் எவ்வாறு தாங்கியது, படிப்பவர் நெஞ்சில் எவ்வளவு தூரம் கொண்டு சேர்த்தது என்று காண்பதே திறனாய்வாளரின் பணியாகும்.

இறைவன் தன்னுடன் இருக்கிறார் என்று நாள்தோறும் உணர்ந்து வாழ்வது கிறித்தவ நெறியின் நடுநாயகமான செய்தி. இயேசு பெருமானுக்கு வழங்கும் 'இம்மானுவேல்' என்னும் பெயருக்கே 'இறைவன் நம்மோடு' என்பது பொருள். இப்பெயர் கிறிஸ்துமஸ் காலத்தில் ஆலயந்தோறும் ஒலிக்கிறது. ஆனால் செவ்வாய்க்கிழமைக் காலை எட்டு மணிக்கு, குக்கர் கூவும்போது, பள்ளிப் பேருந்து வாயிலில் நிற்கும்போது, அப்பெயர் என்ன ஆகிறது? சொந்த ஊரையும், சொந்த ஆலயத்தையும், அதன் மணியோசையையும் விட்டு வந்து வைட்ஃபீல்டில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது வெறும் சமயக் கேள்வி ஆகாது; வாழ்க்கைக் கேள்வி. இக்கேள்வியைக் கையிற்கொண்டு நம் முன்னோர் மூவரின் படைப்புகளை ஈண்டு நோக்குவோம்.

இலக்கணம் தரும் அளவுகோல்

தமிழ் இலக்கணம் இடத்தைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என மூன்றாக வகுக்கும். பேசுபவன் தன்மை, அவன் முன் நின்று கேட்பவன் முன்னிலை, அவ்விருவருக்கும் அப்பாற்பட்டவை படர்க்கை. முன்னிலை என்னும் சொல்லுக்கு எதிரில் நிற்றல் என்பதே பொருள். 'பெரியோர் முன்னிலையில்' என்று திருமண அழைப்பிதழிலும், 'இறைவன் முன்னிலையில்' என்று வழிபாட்டிலும் நாம் வழங்குவது இச்சொல்லையே. இறைப் பிரசன்னம் என்று திருச்சபை வடமொழியால் குறிக்கும் கருத்துக்குத் தமிழ் இலக்கணம் ஏற்கெனவே ஒரு பெயரை வைத்திருக்கிறது.

'கடவுள் எங்கும் இருக்கிறார்' என்பது படர்க்கை வாக்கியம். ஞாயிறு பள்ளித் தேர்வில் ஒரு சிறுவன் இதை எழுதி முழு மதிப்பெண் பெறலாம். அவன் நெஞ்சில் ஒன்றும் அசையாமலே எழுதிவிடலாம். 'நீர் இங்கே இருக்கிறீர்' என்பது முன்னிலை வாக்கியம். இதைச் சொல்பவன் யாரோ ஒருவரின் முகத்தைப் பார்த்தே சொல்ல முடியும். முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாம் வாக்கியத்திற்குக் கடந்து செல்வதே அன்றாட இறையுணர்வு எனலாம். ஆகவே ஒரு பக்தி நூல், படிப்பவரைப் படர்க்கையிலிருந்து முன்னிலைக்கு அழைத்துச் செல்கிறதா என்பதே நாம் கொள்ளும் அளவுகோல். தேவாரத்தையும் திருவாய்மொழியையும் ஓதும் அன்பர்களுக்கு இவ்வளவுகோல் புதியது அன்று. தமிழ்ப் பக்தி மரபு முழுவதுமே இதன்மேல் நிற்கிறது.

வழியில் நிற்பவர்: கிருஷ்ணபிள்ளை

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1827இல் திருநெல்வேலிச் சீமையின் கரையிருப்பு என்னும் ஊரில், கம்பராமாயணம் ஓதப்பெறும் வைணவ வேளாளர் குடும்பத்தில் தோன்றியவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணிபுரிந்தார். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியன் ஆங்கில உரைநடையில் எழுதி 1678இல் வெளியிட்ட பயணக் கதையைத் தழுவி இவர் இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் நூலாக வெளிவந்தது. ஐந்து பருவங்களில் 3,700க்கும் மேற்பட்ட பாடல்களால் ஆன காப்பியம் இது. 1900இல் அவர் மறைந்தார்.

இந்நூலைப் பாராட்டுவோர் கம்பனின் சாயலையே பெரிதும் எடுத்துக்காட்டுவர். 'கிறித்தவக் கம்பர்' என்னும் பட்டமும் அதனால் வந்ததே. நாம் வேறொன்றைச் சுட்ட விரும்புகிறோம். கிருஷ்ணபிள்ளை பிறந்த வைணவ மரபில் இறைவனுக்கு ஊர் உண்டு. தாமிரபரணி பாயும் அந்நாட்டில் நவதிருப்பதிகள் இருக்கின்றன; ஒவ்வொரு தலத்திலும் பெருமாளுக்குத் தனித்தனித் திருநாமம்; நின்றும் இருந்தும் கிடந்தும் அருள்செய்யும் திருக்கோலங்கள். அங்கே சென்றால் அவனைக் காணலாம். இவ்வுறுதியில் வளர்ந்த ஒருவர் வேறு நெறியை ஏற்றபோது, கொள்கை மாற்றத்தோடு ஓர் இடத்தின் இழப்பும் நேர்ந்திருக்க வேண்டும். ஊர் தந்த இறைமுன்னிலை போயிற்று. இனி அதை எங்கே தேடுவது? அவர் தேர்ந்த காப்பியத்தின் கதை ஒரு வழிப்பயணமாக அமைந்தது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை. தலத்தை இழந்தவர்க்கு வழி தேவைப்பட்டது.

பனியனின் கதையில் அரசர் பயணத்தின் முடிவில் இருக்கிறார். வழிநெடுக உதவியாளர் உண்டு, தங்குமிடம் உண்டு, தோழர் உண்டு. அரசரின் நகரமோ தொலைவில் ஒளிர்கிறது. இக்கதையைத் தமிழில் எடுத்துரைக்கையில் கிருஷ்ணபிள்ளை இரண்டு பெரிய மாற்றங்களைச் செய்தார். இயேசு பெருமானின் பாடுகளையும் சிலுவை மரணத்தையும் தனிப் படலமாகப் பாடிக் காப்பியத்தினுள் வைத்தார். அதனால் தொலைவில் இருந்த அரசர் வழியின் நடுவே வந்து வலியோடு நிற்கிறார். மற்றொன்று, கதையின் ஊடே தேவாரம் என்னும் பெயரில் இசைப்பாடல்களை அமைத்தார். காப்பிய விருத்தங்கள் படர்க்கையில் கதை சொல்லிச் செல்லும். தேவாரம் வந்தவுடன் மொழி திரும்புகிறது. 'அவர்' மறைந்து 'நீர்' தோன்றுகிறது. கதை நின்று வேண்டுதல் தொடங்குகிறது. படிப்பவரும் பயணியோடு சேர்ந்து அந்த 'நீர்' முன் நின்றுவிடுகிறார். இத்திருப்பம் பனியன் தந்தது அன்று. ஆழ்வாரிடமும் நாயன்மாரிடமும் தமிழ் கற்ற ஒருவரால்தான் இதைச் செய்திருக்க முடியும்.

நூலின் கடின நடையால் விருத்தங்கள் இன்று புலவர் அறைக்குள் ஒதுங்கிவிட்டன. தேவாரப் பாடல்களோ தனித்து எடுக்கப்பெற்று வீடுகளில் பாடப்பெற்றன. மக்கள் தமக்கு வேண்டியது எது என்று தாமே தேர்ந்தனர். அவர்கள் தேர்ந்தது முன்னிலைப் பகுதியை.

மாயாபுரி என்னும் இடர்ப்பாடு

சிறப்பைச் சொன்ன நாம் குறையையும் சொல்லவேண்டும். பயணக் காப்பியத்தில் உலக நகரம் ஒரு சந்தை. அதற்கு மாயாபுரி என்று பெயர். பயணிகள் அங்கே எதையும் வாங்குவதில்லை; அதைக் கடந்து போவதே அவர்கள் நோக்கம். நிதானி என்னும் தோழன் அங்கேதான் கொல்லப்படுகிறான். துன்ப காலத்தில் தளராமை என்னும் பாடத்தை இப்பகுதி ஆற்றலோடு புகட்டுகிறது. துன்பமும் இல்லை, பேரின்பமும் இல்லை என்னும் சாதாரண நாளைப் பற்றி அது பேசுவதில்லை. அடுப்பு இல்லை, குழந்தை இல்லை, மாதச் சம்பளம் இல்லை, வாடகை இல்லை. பனியன் தம் பயணியை மனைவி மக்களை விட்டுத் தனியே ஓடவைத்தார் என்பதையும் நினைவிற்கொள்க.

குடிபெயர்ந்து வாழ்வோர் இவ்வுருவகத்தை முழுதும் ஏற்றால் ஓர் இடர் விளையும். பிழைக்க வந்த நகரம் வெறும் மாயாபுரி, நாம் இங்கே விருந்தாளிகள், உண்மையான வாழ்வும் வழிபாடும் சொந்த ஊரில்தான் என்று மனம் ஒத்திவைக்கத் தொடங்கும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நாசரேத்துக்கோ நாகர்கோவிலுக்கோ போகும்போது இறைவனைப் பார்த்துக்கொள்ளலாம் என்னும் நினைப்பு நம் வீடுகளில் அறியாத ஒன்று அன்று. ஆண்டில் பதினைந்து நாள் இறைவன் முன்னிலை. மற்ற முந்நூற்றைம்பது நாளும் படர்க்கை! விவிலியமே இதற்கு மறுப்புத் தருகிறது. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்களுக்கு எரேமியா இறைவாக்கினர் ஒரு மடல் எழுதினார். அந்த அயல்நகரிலேயே வீடு கட்டித் தோட்டமிட்டு, அந்நகரின் நலத்தையே நாடி வேண்டுமாறு அம்மடல் பணிக்கிறது. குடியேறிய ஊரில் இறைவன் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டா.

கையிலிருக்கும் வேலை: லாரன்சும் சாஸ்திரியாரும்

சாதாரண நாளில் இறையுணர்வு என்னும் பொருளைப் பற்றி உலகக் கிறித்தவ இலக்கியத்தில் பெரிதும் பேசப்படும் சிறு நூல் ஒன்று உண்டு. அதன் நாயகர் சகோதரர் லாரன்ஸ். பிரான்சு நாட்டில் லொரேன் பகுதியில் ஏறத்தாழ 1614இல் பிறந்து, போர்வீரராக இருந்து காயமுற்று, பின்னர்ப் பாரிசு நகரக் கார்மேல் மடத்தில் பொதுநிலைச் சகோதரராகச் சேர்ந்தவர். மடத்துச் சமையலறையில் பல்லாண்டு உழைத்தார். பிறகு செருப்புத் தைக்கும் வேலையைப் பார்த்தார். சமையல் வேலை அவருக்கு இயல்பாகப் பிடித்தது அன்று. அவ்வேலைக்கு நடுவிலேயே இறைவனோடு இடைவிடாது பேசப் பழகினார். 1691இல் அவர் மறைந்தபின் அவருடைய மடல்களும் உரையாடல்களும் தொகுக்கப்பெற்று நூலாயின. வேலை நேரம் வேறு, செபநேரம் வேறு என்னும் பிரிவினையை அந்நூல் ஏற்பதில்லை.

நம் மொழியில் இதற்கு இணை இல்லையோ என்று வருந்தவேண்டா. திருநெல்வேலியில் 1774இல் பிறந்து, சுவார்ட்சு ஐயரிடம் பயின்று, தஞ்சை சரபோசி மன்னர் காலத்தில் வாழ்ந்து, 1864இல் மறைந்த வேதநாயகம் சாஸ்திரியார் இருக்கிறார். அவர் கையாண்ட வடிவங்களைப் பாருங்கள்: கும்மி, ஏற்றப்பாட்டு, தச்சன் நாடகம், குறவஞ்சி. இவை பெரும்பாலும் உழைக்கும் மக்களும் தெருவில் ஆடிப்பாடுவோரும் வளர்த்த வடிவங்கள். ஏற்றப்பாட்டு என்பது கிணற்றிலிருந்து நீர் இறைப்போர் சால் எண்ணிப் பாடும் பாட்டு. மூச்சுக்கும் கைக்கும் தாளம் தருவது. எண்ணிக்கை தவறாமல் காப்பது. அவ்வடிவத்தை இறைநினைவுக்கு ஆக்கிய சாஸ்திரியார், செபத்தை உழைப்பின் மூச்சோடு சேர்த்துக் கட்டினார். லாரன்ஸ் தனியொருவராகச் சமையலறையில் கண்டதைச் சாஸ்திரியார் ஊரார் கூடிப் பாடும் பாட்டாக்கினார் எனில் மிகையாகாது.

அவருடைய பெத்லகேம் குறவஞ்சியில் குறத்தி விசுவாசத்தின் உருவமாக வருகிறாள். குறவஞ்சி இலக்கியத்தில் குறத்தி யார்? தன் மலையை விட்டு இறங்கி, பிறர் ஊர்த் தெருவில் கூடையோடு நிற்பவள். ஆயினும் தன் மலையின் வளத்தையும் தன் நாட்டின் வளத்தையும் வாயாரப் பாடுகிறாள். எதிரே நிற்பவளின் கையைப் பற்றி நல்வாக்குச் சொல்கிறாள். சொந்த மண்ணை விட்டு வந்தவளிடம் விசுவாசத்தின் பாத்திரத்தைக் கொடுத்த இத்தேர்வு, குடிபெயர்ந்தோராகிய நமக்கு மிகப் பொருந்துவது. குறத்திக்குத் தன் மலை மறக்கவில்லை. அதே வேளையில் நிற்கும் தெருவும் அவளுக்கு அயலாக இல்லை.

இங்கும் ஒரு குறை உண்டு. ஏற்றம் போயிற்று, மின்விசைக் குழாய் வந்தது. ஏற்றப்பாட்டு அச்சில் நின்றாலும் அதைப் பாடுவதற்குரிய உழைப்பு நம் கைகளில் இல்லை. சாஸ்திரியாரைப் போற்றுவது அவர் பாட்டைக் காட்சிப்பொருள் ஆக்குவதாகாது. தம் காலத்து உழைப்பின் தாளத்தை அவர் எப்படிக் கேட்டாரோ, அப்படி நம் காலத்து உழைப்பின் தாளத்தைக் கேட்பதே ஆகும்.

அலுவலில் முறையீடு: முன்சீப் வேதநாயகம் பிள்ளை

நம் காலத்து உழைப்பு பெரும்பாலும் அலுவலக உழைப்பு. அதற்கு நெருங்கியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826இல் குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, நீதிமன்றப் பணியில் படிப்படியாக உயர்ந்து மாவட்ட முன்சீப் ஆனவர், 1889இல் மறைந்தார். 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' அவருடையது. நீதிநூலில் கைக்கூலியைக் கடுமையாகக் கண்டித்தவரும் அவரே. 1876 முதல் 1878 வரை தமிழகத்தை வாட்டிய பஞ்சத்தில் தம் பொருளைக் கொண்டு கஞ்சி வார்த்தார். அவ்வறத்தைப் போற்றிக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனை பாடினார். சைவப் பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர்மீது குளத்துக் கோவை பாடினார்.

இவருடைய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' எல்லாச் சமயத்தாரும் பாடும்படி, எந்தச் சமயத்தின் தனிப்பெயரையும் வற்புறுத்தாமல் இறைவனை அழைப்பது. இந்நூலைச் சமரசத்தின் பொருட்டே பலரும் புகழ்வர். நம் அளவுகோலின்படி நோக்கினால் வேறொரு சிறப்புத் தெரியும். பகலெல்லாம் பிறர் முறையீட்டைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்ன ஒருவர், தம் முறையீட்டை எடுத்துக்கொண்டு மேலான நீதிபதி முன் போய் நிற்கிறார். வழிபடுவதோடு அமையாது வாதாடுகிறார், உரிமையோடு கேட்கிறார். பஞ்சத்தைக் கண்டு இறைவனையே வினவுகிறார். முறையீடு என்பது முன்னிலை இல்லாமல் நடவாத செயல். இல்லாதவரிடம் எவரும் கோபித்துக்கொள்வதில்லை. இறைவன் அருகில் இருக்கிறார் என்பதற்குப் புகழ்ச்சியைக் காட்டிலும் முறையீடே உறுதியான சான்று என்பதை இக்கீர்த்தனைகள் காட்டுகின்றன.

காப்பியச் சுவையில் இவை கிருஷ்ணபிள்ளைக்கு ஈடாகா. சில பாடல்கள் அறிவுரையாகவே நின்றுவிடும். என்றாலும் அன்றாடம் என்னும் களத்தில் நாம் முதலிடம் கொடுப்பது முன்சீப்பின் கீர்த்தனைகளுக்கே. மேசையும் கோப்பும் மேலதிகாரியும் உள்ள உலகத்திலிருந்து, அந்த உலகத்தை விட்டு ஓடாமல், 'நீ' என்று இறைவனை அழைத்தவர் அவர்.

வைட்ஃபீல்டில் ஒரு செவ்வாய்க்கிழமை

இம்மூவரையும் கண்டபின் நாம் வாழும் இடத்திற்கு வருவோம். வைட்ஃபீல்ட் தொடக்கத்திலிருந்தே குடியேறியோரின் ஊர். 1882இல் மைசூர் மன்னர் பத்தாம் சாமராசேந்திர உடையார், யூரேசியர், ஆங்கிலோ இந்தியர் சங்கத்துக்கு ஏறத்தாழ 3,900 ஏக்கர் நிலம் வழங்க, வேளாண் குடியிருப்பாக இது உருவாயிற்று. அச்சங்கத்தின் முன்னோடி டி. எஸ். வைட் பெயரால் அழைக்கப்பெற்றது. தங்களுக்கென ஒரு மண் இல்லாதவர்கள் இங்கே வந்து வீடு கட்டினர், தோட்டமிட்டனர். 1886இல் மெமோரியல் தேவாலயம் எழுந்தது. எரேமியாவின் மடல் சொன்ன ஒழுங்கே அது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1990களில் தொழில்நுட்பப் பூங்கா வந்தது. அதன் பின்னே நாமும் வந்தோம். 2023இல் மெட்ரோ இரயிலும் வந்து சேர்ந்தது.

இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் இறைவனைப் பற்றி நன்கு அறிவார்கள். ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அறிவார்கள். அதில் தவறு காண்பது நம் கருத்தன்று. எம்மொழியில் அழைத்தாலும் கேட்பவர் அவர். ஆயினும் ஓர் இழப்பை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். தமிழ்க் கிறித்தவ வழிபாட்டில் இறைவனை 'நீர்' என்று அழைப்பது வழக்கம். 'நீ' என்பதன் நெருக்கமும் 'நீங்கள்' என்பதன் மரியாதையும் ஒருங்கே அமைந்த சொல் அது. நெல்லைச் சீமையில் மாமனையும் மைத்துனரையும் அழைக்க வழங்கிய இச்சொல், நகரத் தமிழில் ஏறத்தாழ மறைந்து செபத்தில் எஞ்சியிருக்கிறது. ஆங்கிலத்தில் நண்பனுக்கும் நாய்க்குட்டிக்கும் இறைவனுக்கும் ஒரே முன்னிலைச் சொல்தான். 'நீர்' போனால், அஞ்சாமல் நெருங்கி, நெருங்கியும் பணிந்து நிற்கும் ஓர் உறவுமுறைக்கு நம் வீட்டில் பெயர் இல்லாமல் போகும்.

ஆகவே சங்கத்தார்க்கும் பெற்றோர்க்கும் நாம் கூறுவது இதுவே. இந்நூல்களைத் தொண்டுப் பட்டியலில் ஏற்றி மாலையிட்டு வைத்தது போதும். வாரத்தில் ஒருநாள் இரட்சணிய யாத்திரிகத் தேவாரத்தில் ஒரு பாடலையோ, முன்சீப்பின் கீர்த்தனை ஒன்றையோ வீட்டில் பாடுக, பொருள் சொல்லுக. தாத்தாவும் பாட்டியும் ஊரிலிருந்து வந்திருக்கும் நாளில் அவர்களைக் கொண்டு பாடச் செய்க. சைவ, வைணவ அன்பர்கள் தத்தம் திருமுறையிலும் பிரபந்தத்திலும் இதையே செய்யலாம். முன்னிலை தமிழர் யாவர்க்கும் பொதுச்சொத்து. பாடி முடித்தபின் பிள்ளைகளைத் தங்கள் சொந்தச் சொல்லில் ஒரே ஒரு வாக்கியம் தமிழில் சொல்லச் சொல்க: தேர்வைப் பற்றி, தோழியோடு வந்த சண்டையைப் பற்றி, பேருந்து வராத காலையைப் பற்றி. அது 'நீர்' என்று தொடங்கட்டும். இலக்கணப் பிழை இருந்தால் திருத்தவேண்டா.

உயிர்த்தெழுந்த இயேசு பெருமான் எம்மாவு என்னும் ஊருக்குச் செல்லும் வழியில் இரு சீடரோடு நடந்து சென்றார் என லூக்கா நற்செய்தி கூறுகிறது. நெடுந்தொலைவு உடன் நடந்தும் அவர்கள் அவரை அறியவில்லை. அவர்களும் அவரைப் பற்றியேதான் பேசிக்கொண்டு போனார்கள், படர்க்கையில். மாலையில் வீட்டினுள் அமர்ந்து அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதே கண் திறந்தது. கிருஷ்ணபிள்ளையின் வழியும் லாரன்சின் சமையலறையும் அந்த ஒரே கதையில் சந்திக்கின்றன. அந்த மேசை எருசலேமில் இல்லை. வழியில் இருந்த ஒரு சிற்றூரில் இருந்தது. அது வைட்ஃபீல்டின் பதினொன்றாம் மாடியிலும் இருக்கலாம்.